இடப்பக்கத்துப் பகல் விளக்கு

2025 ஜூலை 12, சனிக்கிழமை, காலை 6.40. குற்றாலத்தில் சாரல், குடை விரித்தால் வீண், விரிக்காவிட்டால் சட்டை நனையும் என்கிற அளவு.

ஐந்தருவியில் எண்ணெய்க் குளியல் முடித்து வந்து, புளியமரத்தை ஒட்டி நின்ற காரைக் கிளப்பி வெளியே எடுத்தேன். எதிரே, இன்னும் திறக்காத சிப்ஸ் கடையின் ஷட்டரில் என் கார் விளக்குகளின் வெளிச்சம் இரண்டு இடத்தில் விழுந்தது. என்ஜின் ஓடினால் பகலிலும் தானாக எரிகிற சின்ன விளக்குகள் அவை. வலது வெள்ளையாக இருந்தது. இடது, இரண்டு நாள் பழைய மோர்க்குழம்பின் நிறம்.

முன்சீட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்த மனைவியிடம் சொன்னேன்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. உங்க கண்ணுலதான் கோளாறு. மவன் சொன்னது சரிதான், சாவியைக் குடுத்திருங்க” என்றாள்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. கண்ணில் கோளாறு என்று தெரிந்த அன்றே சாவி தன் கைக்கு வரவேண்டும் என்று மகன் பொங்கலிலிருந்து ஒன்பது முறை சொல்லிவிட்டான். ஆகவே விளக்கு பழுதாக இருந்தே தீரவேண்டும். கார் வைத்திருக்கும் எவனும் இப்படி வேண்டிக்கொண்டிருக்க மாட்டான்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். பழுதின் அடையாளங்கள் எனக்குத் தெரியும். விளக்கு துடிக்கவேண்டும்; ஒரு நிமிடம் நின்று பார்த்தேன், துடிக்கவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஈரம் கோத்திருக்கவேண்டும். ஒரு துளி இல்லை. உள்ளிருக்கும் பொட்டு விளக்குகளில் ஒன்றிரண்டாவது செத்திருக்கவேண்டும். பக்கத்துக்கு ஏழு, பதினான்கும் உயிரோடு இருந்தன. விளக்கு நன்றாக எரிவதைப் பார்த்து இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

தென்காசியில் மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

“இடது மங்கலாத்தான் இருக்கு அண்ணாச்சி.”

“கேட்டியா?” என்றேன் மனைவியிடம். என் வெற்றி நான்கு விநாடி நீடித்தது.

அவர் கண்ணாடியை விரலால் தேய்த்து முகர்ந்தார். “லைட்டு நல்லாருக்கு. மேல எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும்லா அப்பிக் கெடக்கு! குத்தாலத்துல எண்ணெ தேச்சுக் குளிச்சது நீங்களா, காரா?”

சீசன் தொடங்கி முப்பத்தொரு குளியல். ஒவ்வொன்றுக்குப் பிறகும், உடம்பு துவட்டிய அதே துண்டால் இடது விளக்கின் சாரல் துளிகளைப் பாசத்தோடு துடைத்தவன் நான். நான் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் காரின் வலது மூக்கு அந்தப் புளியமரத்தை ஒட்டி நிற்கும், கை நுழையாது. அதனால் அது தப்பித்தது.

மெக்கானிக் சோப்பு கேட்டார். குளிக்க வாங்கியதில் மிச்சமிருந்த ஷாம்பு பாக்கெட்டை மனைவி எடுத்துக் கொடுத்தாள். கழுவியதும் இடது, வலதைவிட வெள்ளை. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சிரிப்பதற்காகவே அவர் உள்ளே போனார்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு, சாவியை வச்சுக்கிடுங்க” என்றாள் மனைவி. “மவன்ட்ட நான் ஒண்ணும் சொல்லல. அந்தத் துண்டை மட்டும் இங்கன குடுங்க.”

வீடு திரும்பும் வழியில் காருக்கென்று தனித் துண்டு ஒன்று வாங்கினாள், என்னுடையதைவிடத் தடிமனாக. ஷாம்பு இரண்டு ரூபாய், துண்டு தொண்ணூறு. ஆக மொத்தம் தொண்ணூற்றிரண்டு ரூபாய்.