குவியல் மேல் இரண்டு கை

கல்லூரியில் புள்ளியியல் நடத்திப் பிழைக்கிறவன் நான். ஆனாலும் சராசரி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. செஞ்சி மலையடிவாரத்தில் எங்கள் ஊர் முழுக்க மல்லாட்டைதான். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள். பயிர்க் காப்பீடு கிடைக்காவிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவதாக அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். காப்பீட்டுக்கு ஒவ்வொருவர் நிலத்தையும் பார்ப்பதில்லை. குலுக்கல் போல நான்கு நிலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் சதுரத்தில் பிடுங்கி எடை போடுவார்கள். அந்த நான்கின் சராசரிதான் ஊரின் விளைச்சல். அது வழக்கமான அளவுக்குக் கீழே இருந்தால் எல்லோருக்கும் பணம். மேலே போனால் ஒருவருக்கும் கிடையாது.

நான்கில் ஒன்று எங்கள் நிலம். வந்தார்கள், கயிறு கட்டினார்கள், பிடுங்கி எடை போட்டுக்கொண்டு போனார்கள். முடிவு வந்தபோது சராசரி மயிரிழையில் மேலே நின்றது.

"இன்னாடா, நீதான் இத சொல்லிக் குடுக்கிறவனாச்சே. நம்ம ஊரு வெளைஞ்சுதா இல்லியா?" என்றார் அண்ணன்.

ஏரியோர நிலம் ஒரு மாதிரி, மலையோர நிலம் ஒரு மாதிரி. நான்கு சதுரத்தை வைத்துக்கொண்டு ஒற்றை எண் சொல்லவே கூடாது. இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்று ஓர் எல்லைதான் சொல்லலாம். பாடத்தில் அதற்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். எங்கள் ஊருக்கு அதைப் போட்டுப் பார்த்திருந்தேன். பணம் கிடைக்கும் அளவும் அதற்குள் இருந்தது, கிடைக்காத அளவும் இருந்தது.

"அப்ப தெரியலன்னு சொல்ல வேண்டியதுதான?"

"தெரியலன்னா எப்படிண்ணே முடிவு பண்றது? அதான் நடுவுல இருக்கிற எண்ண மட்டும் எடுத்துக்கிறாங்க."

அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

அவர் எழுந்து உள்ளே போன பிறகு, சோறு போட வந்த அண்ணி சொன்னார்.

"அன்னிக்கு அந்தக் குவியலப் பாக்கவே கஷ்டமா இருந்துச்சு தம்பி. இந்த வருசம் மொத மொதல்ல அளக்கிறது, அவ்ளோ கொறச்சலா இருக்கலாமா? அவங்க தராசு மாட்டிக்கினு இருந்தாங்க. பக்கத்துச் செடியில இருந்து ரெண்டு கை போட்டுட்டேன்."

எங்கள் பக்கத்தில் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். மேலே ஒரு கை போடாமல் அளவை முடிப்பதும் இல்லை. அண்ணி அதைத்தான் செய்திருக்கிறார். ஆனால் அந்தச் சதுரத்தில் விழுந்த இரண்டு கை, ஊரின் கால்வாசி நிலத்தில் சதுரத்துக்குச் சதுரம் விழுந்ததாகக் கணக்காகும். அவர் போடாமல் இருந்தாலும் என் எல்லை பெரிதாக மாறியிருக்காது. நடு எண் மட்டும் பணம் கிடைக்கும் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கும்.

 நல்லது செய்த திருப்தியில் அண்ணி இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

கிளம்பும்போது ஒரு பையில் மல்லாட்டை கட்டிக் கொடுத்தார். முடிச்சுப் போட்டவர், மறுபடி அவிழ்த்து மேலே ஒரு கை போட்டார். உள்ளே அண்ணன் பெங்களூருக்குத் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.