ஓரம் பார்க்கிறவர்

முதுகெலும்பு இருக்கும் இடத்தை இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா படத்தைப் பார்க்கத் தொடங்குவார். கணினித் திரை முழுக்க அவர் கைரேகை. துடைத்துத் துடைத்து அலுத்துப்போன டெக்னீஷியன், முதுகுக்குத்தானே எடுத்தோம் என்று ஒருநாள் கேட்டே விட்டார். "முதுகு எங்கயும் ஓடிப்போயிடாது. அதை அப்புறம் பாத்துக்கலாம்."

எம்.ஆர்.ஐ. படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. ஆளை எந்திரத்துக்குள் படுக்கவைத்ததும், இடம் பார்ப்பதற்காக முதலில் அகலமாகச் சில படங்கள் எடுப்பார்கள். முதுகு சரியாக நடுவில் வந்துவிட்டால் அவற்றின் வேலை முடிந்தது; பிறகு அவற்றை யாரும் சீந்துவதில்லை. இவர் சீந்துவார். சிறுநீரகம், பெரிய ரத்தக்குழாய், கர்ப்பப்பை என்று ஓரத்தில் தலைகாட்டும் எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் நடுவுக்கு வருவார். மேடம் கல்யாணத்துக்குப் போனால் பெண் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார், கடைசி வரிசையில் யார் என்றுதான் பார்ப்பார் என்று இளைய டாக்டர்கள் கிண்டலடிப்பார்கள். நிஜமாகவே அப்படித்தான் என்கிறார் அவர் கணவர்.

எலும்பு டாக்டருக்கு மட்டும் இது பிடிக்காது. கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. இன்றும் வா, போ என்றுதான் பேச்சு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி என்று இவர் எழுதிய ஒரு வரியைப் படித்துவிட்டு, அவருடைய நோயாளியான லாரி ஓட்டுநர் ஒருவர் தூக்கம் கெட்டு அலைந்திருக்கிறார். அதுவோ ஒரு தீங்கும் செய்யாத கட்டி. "வலியோட வந்தவனைப் பயத்தோட அனுப்புறே நீ" என்று எலும்பு டாக்டர் சண்டைக்கே வந்துவிட்டார். இவருக்குச் சுருக்கென்றது. நியாயம்தானே? அன்றிலிருந்து அப்படிப்பட்ட கட்டிகளுக்குப் பக்கத்தில் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றும் சேர்த்து எழுதுகிறார். அறிக்கையில் அதெல்லாம் வழக்கமில்லை என்று மேலிடம் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் எலும்பு டாக்டரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து எந்திரத்தில் படுத்தார். முதுகை மட்டும் பார் தாயே, ஊர் வம்பு வேண்டாம் என்று கும்பிடு வேறு.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே திரையில் கையை வைத்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அடங்கிப்போயிற்று. இடது சிறுநீரகத்தின் விளிம்பில் ஒரு கட்டி. நீர் இல்லை, கெட்டியாக இருந்தது. சிறிதுதான், இப்போதே எடுத்துவிட்டால் ஆள் தப்பிவிடுவார். ஆனால் அதை அவரிடம் சொல்ல வேண்டுமே. முகம் தெரியாத எத்தனையோ பேருக்கு இதையே எழுதியவர், இன்று ஒரு வரிகூடத் தட்டாமல் விசைப்பலகையைத் தள்ளி வைத்தார்.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி எலும்பு டாக்டர் உள்ளே வந்தார்.

"என்ன, டிஸ்க் பிதுங்கியிருக்கா?"

"இல்ல. முதுகு நல்லாத்தான் இருக்கு."

"அப்பாடா. வெளியில கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு, நான் கிளம்புறேன்" என்று கதவுப் பிடியில் கை வைத்தார்.

டாக்டரம்மா பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.