கிலுகிலுப்பைக்குத் திரும்பிய குழந்தை

பாஸ்போர்ட் படம் எடுக்கும் அந்த ஸ்டூடியோக்காரருக்குத் தெருவில் 'கிலுகிலுப்பை' என்றுதான் பெயர். எப்பேர்ப்பட்ட அழுமூஞ்சிக் குழந்தையானாலும் கேமராவுக்கு மேலே பச்சைக் கிலுகிலுப்பையை ஆட்டி நேராகப் பார்க்க வைத்துவிடுவார். "நான் எடுத்த படம் ஒண்ணுகூட ஆபீஸ்லேர்ந்து திரும்பி வந்ததில்ல" என்று பீற்றிக்கொள்வார். தலைக்கனம் பிடித்த மனுஷன்தான்.

அவர் மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது மனைவி சொன்னாள். "பாப்பா என் முகத்தையே பாக்க மாட்டேங்குதுங்க. கண்ணு அலைஞ்சுக்கிட்டே இருக்கு. பாலுக்குக்கூட அழ மாட்டேங்குது."

அவர் கிலுகிலுப்பையை ஆட்டினார். குழந்தை பட்டென்று திரும்பியது.

"பாத்தியா? ஆயிரம் குழந்தைய பாத்தவன்டி நான்!"

அவருடைய அக்காவும் ஒத்து ஊதினாள். "அழாத புள்ள கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். நீ சும்மா எதையாவது கிளப்பாத."

மனைவி அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஏழாம் மாதம் குழந்தைக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு டார்ச்சைச் சத்தமில்லாமல் குழந்தையின் முகத்துக்கு நேரே அசைத்தார். குழந்தை திரும்பவில்லை. இவர் விடுவாரா? பையிலிருந்து கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டினார். திரும்பியது.

"அது சத்தத்துக்குத் திரும்புது சார்."

கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பிறவியிலேயே சரியாக வளரவில்லை. மூளையிலும் குறை, அதன் அடியில் இருக்கும் சுரப்பியும் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி இறங்கி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறது குழந்தை.

"பார்வைக்கு எப்ப வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. சுரப்பிக்கு மருந்து இருக்கு. மூணாம் மாசமே வந்திருந்தா இந்த வலிப்பு வந்திருக்காது, மூளைக்கு இவ்வளவு சேதமும் ஆயிருக்காது."

மனைவி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அந்தப் பாவி பிழைத்திருப்பார்.

பார்வையற்றோர் அட்டைக்கு விண்ணப்பித்தார்கள். படம் திரும்பி வந்தது, அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. 'குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது.

"கண்ணு தெரியாதுன்னுதானே அட்டையே கேக்கறோம்!" என்று கவுன்ட்டரில் கத்தினார்.

"விதிமுறை சார். படம் எடுக்கறவர், உங்களுக்குத் தெரியாததா?"

மறுபடி படம் எடுக்க, ஸ்டூடியோவில் குழந்தையை உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ள அக்கா வந்தாள். அவர் கேமராவுக்குப் பின்னால் நின்றார். கிலுகிலுப்பையை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி இரண்டு மாதமாகியிருந்தது. மனைவி அதைத் திறந்து எடுத்து, கேமராவுக்கு மேலே நீட்டினாள்.

"எடுங்க. ஆயிரம் குழந்தைய பாத்தவராச்சே."

ஆட்டினாள். குழந்தை நிமிர்ந்து நேராகத் திரும்பிச் சிரித்தது. அவர் அழுதுகொண்டே பொத்தானை அழுத்தினார்.

அந்தப் படம் திரும்பி வரவில்லை.