குப்புற மேடம்

‘குப்புற’ என்ற சொல்லைக் கேட்டால் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது. எங்களோடு பல் மருத்துவம் படித்த யாரைக் கேட்டாலும் ஒரு குட்டையான பெண்மணியைத்தான் சொல்வார்கள். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்தில் விசில், மூன்றாவது மாடி வரை கேட்கிற குரல். ராணுவ மருத்துவமனையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் எங்களுக்குப் போர்முனை மருத்துவத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்க வந்தார்.

பல் பிடுங்கப் படிக்கிறவர்களுக்குப் போர்முனை எதற்கு என்று நாங்கள் முணுமுணுத்தோம். அந்தப் பாடத்துக்கு மதிப்பெண்கூடக் கிடையாது. வருஷக் கடைசியில் மைதானத்தில் ஒரு ஒத்திகை, அதில் பாஸ் அல்லது ஃபெயில், அவ்வளவுதான். பின் பெஞ்சில் பாதிப் பேர் தூங்குவார்கள். நான் தூங்கமாட்டேன், பேசுவேன். எனக்கு ‘ரேடியோ’ என்று பெயர் வந்ததே அப்படித்தான்.

முதல் வகுப்பிலேயே எங்கள் மானம் கப்பலேறியது. மேடம் மேஜை மேல் எங்கள் வகுப்பு ஆறடியை உட்கார வைத்தார். வகுப்பிலேயே உயரமானவன் அவன். பல்லில் படிந்த அழுக்கைக் காட்டுவதற்கு ஒரு சிவப்புத் திரவம் வைத்திருப்போம். அதை அவன் வாயில் ஊற்றிவிட்டு, “குண்டு பட்டு இவன் தாடை உடைஞ்சிருக்கு. வாயெல்லாம் ரத்தம். என்ன பண்ணுவே?” என்று என்னைக் கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. ஆறடியின் தோளைப் பிடித்து மல்லாக்கச் சாய்த்து, தலையை நிமிர்த்தி, “ஆ... நல்லாத் திறங்க” என்றேன். கை தானாக விளக்கைத் தேடியது. அங்கே விளக்கு இல்லை. ஆறடிக்குப் புரையேறி, என் வெள்ளைக் கோட்டு முழுக்கச் சிவப்பைத் துப்பினான்.

மேடம் சிரிக்கவில்லை. “செத்துட்டான்” என்றார். அடுத்து வந்தவளும் அதையேதான் செய்தாள். அதற்கடுத்தவனும் அப்படியே. வாய் என்றால் நாற்காலியைச் சாய்ப்பது என்று எங்கள் கைக்குப் பழகிப்போயிருந்தது. மற்ற டாக்டர்கள் வேறு எந்தத் தப்பைச் செய்தாலும் இந்தத் தப்பை இவ்வளவு அழகாகச் செய்யமாட்டார்கள்.

“மல்லாக்கப் போட்டா பல்லு நல்லாத் தெரியும், ஆளு போயிடுவான். நாக்கு பின்னால விழும், ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கும். அங்க உறிஞ்சி எடுக்கிற மெஷினா வச்சிருக்கே? முன்னால சாய்ச்சு உட்கார வை. முடியலையா, குப்புறப் போட்டு நெத்திக்கு முட்டுக் கொடு. குப்புற! என்ன சொன்னேன்?”

“குப்புற மேடம்!” என்று கத்தினோம். அன்றைக்கே பெயர் சூட்டு விழா முடிந்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரியே இருந்துகொண்டார்.

இன்னொரு பாடம் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பல் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதிகமாகக் கத்துகிறவரைத்தான் முதலில் கூப்பிடுவோம். மேடத்துக்கு அது ஆகாது. “கத்துறவனுக்கு மூச்சு இருக்குடா. சும்மா இருக்கிறவனை முதல்ல பாரு” என்பார். என்னைப் பார்த்து, “ரேடியோ, உன்னைக் கடைசியாத்தான் பார்க்கணும், நீ எப்பவும் நல்லாத்தான் இருப்பே” என்பார். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

வகுப்பு முடியும்போது அவர் கணவர் வாசலில் காத்திருப்பார். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் சாப்பாட்டு கேரியர் இருக்கும். மேடத்துக்குச் சர்க்கரை வியாதி, நேரத்துக்குச் சாப்பிடமாட்டார் என்பதற்காக அவரே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நாங்கள் அவரைக் கேரியர் சார் என்போம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி அபூர்வமாகத்தான் பேசுவார்.

அந்த வருஷம் முடியப்போகிற சமயத்தில் அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “உங்க பிரின்ஸிபால் இந்த வகுப்பை நிறுத்திடப் போறாராம்மா. எல்லாரும்தான் பாஸ் பண்றாங்களே, இதுக்கு ஒரு மணி நேரம் எதுக்கு, செயற்கைப் பல் செய்யறதுக்குக் கொடுத்துடலாம்னு சொல்றாராம். ஒத்திகையைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவாராம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அவ வாரம் பூரா இந்த வியாழக்கிழமைக்காகத்தான் இருக்கா. இது போச்சுன்னா உடைஞ்சு போயிடுவா. நல்லா பண்ணுங்கம்மா.”

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. விஷயத்தை வகுப்பில் சொன்னேன். தூங்குமூஞ்சிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பல் அளவெடுக்கிற ரோஸ் நிற மாவைக் கலந்து தொடையிலும் கையிலும் அப்பிக் காயம் செய்து பழகினோம். பெல்ட்டைக் காலில் கட்டி, பிளாஸ்டர் கலக்கிற கரண்டியைச் செருகி முறுக்கி ரத்தத்தை நிறுத்தப் பழகினோம். ஆறடியின் தொடை கன்றிப்போனது.

ஒத்திகை நாள் நல்ல வெயில். சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த மைதானத்தில் அங்கங்கே ‘அடிபட்டவர்கள்’ கிடந்தார்கள். பிரின்ஸிபால் ஒரு நாற்காலியில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து கயிறு கட்டுவதும் ஆட்களைப் படுக்க வைப்பதுமாக மேடம் பம்பரமாகச் சுழன்றார். விசில் ஊதினார். ஓடினோம்.

எனக்குக் கிடைத்தது ஆறடி. கால் போனவன் வேஷம். காது கிழியக் கத்தினான். பெல்ட்டைக் கட்டிக் கரண்டியைச் செருகினேன். முதுகுக்குப் பின்னால் மேடத்தின் குரல் ஓயாமல் கேட்டது. “நேரம் போகுது! அங்க என்ன வேடிக்கை? நேரம் போகுது!”

இரண்டாவது முறுக்கில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. ஆறடி கத்திக்கொண்டுதான் இருந்தான். மற்றவர்களும் கத்தினார்கள். மேடத்தின் குரல்தான் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. கண் எங்கேயோ பார்த்தது.

“மேடம் நடிக்கிறாங்கடி, இதுவும் டெஸ்ட்டுதான்” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

“அவங்களால சும்மா இருக்கிற மாதிரி நடிக்க முடியாது” என்று சொல்லிவிட்டு, கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தோளைப் பிடித்தேன். கை பழைய புத்தியில் அவரை மல்லாக்கச் சாய்க்கப் போனது. அவர் வாய் குழறியபடி, “மல்லாக்க வேணாம்டி...” என்றார். அந்த நிலையிலும்! முன்னால் சாய்த்து உட்கார வைத்துத் தாங்கிக்கொண்டேன். “சர்க்கரை இறங்கிடுச்சு! யாராவது இனிப்பு கொண்டு வாங்க!” என்று கத்தினேன். ரேடியோவாக இருந்ததற்கு அன்றைக்குத்தான் பலன் கிடைத்தது.

மொத்த வகுப்பும் ஓடி வந்தது. செத்தவர்களும் எழுந்து வந்தார்கள். இனிப்பு சாப்பிடாதே என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற கூட்டம் அது. அவரவர் பையிலிருந்து மிட்டாயும் சாக்லேட்டும் கொட்டின. குளிர்பானம் வைத்திருந்தவனிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். வாசலில் நின்ற கேரியர் சாரும் வந்து சேர்ந்தார். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மேடத்தின் கண் தெளிந்தது. எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், காலி மைதானத்தைப் பார்த்தார்.

“உன் ஆளு எங்க?”

“மேடம்... நீங்க சும்மா இருந்தீங்க. அதான் வந்தேன்.”

ஒரு நொடி அவர் முகம் இளகியது. நான் பார்த்தேன். உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீ வந்தது சரி. மீதி இத்தனை பேரும் எதுக்கு வந்தீங்க? ஒருத்தியைப் பார்க்க வகுப்பே ஓடி வந்தா அங்க கிடக்கிறவங்களை யாரு பார்க்கிறது? அத்தனை பேரும் செத்துட்டாங்க. எல்லாரும் ஃபெயில்.”

பிரின்ஸிபாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன மேடம் இது! உங்களைக் காப்பாத்தின பிள்ளைங்க!”

“அது வேற, இது வேற சார்” என்றார் மேடம், வாயில் மிட்டாயோடு. “ஃபெயிலானவங்களுக்குத் திரும்ப வகுப்பு எடுத்துத்தான் மறு ஒத்திகை வைக்கணும்னு உங்க காலேஜ் விதியிலேயே இருக்கே. அடுத்த வருஷமும் வியாழக்கிழமை ஒரு மணி நேரம் வேணும்.”

பிரின்ஸிபால் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். குடையோடு நடையைக் கட்டினார். எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபெயிலானதற்குக் கை தட்டிக் கூச்சல் போட்ட வகுப்பு எங்களுடையதாகத்தான் இருக்கும். கேரியரைத் திறந்தபடி சார் மட்டும், “இன்னும் ஒரு வருஷம் வியாழக்கிழமை என் வீடு அமைதியா இருக்கும்” என்றார்.

அதற்கப்புறமும் பல வருஷம் அந்த வகுப்பு நடந்தது. ஃபெயில் போடுவதற்கு மேடத்திடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. இப்போது எனக்குச் சொந்தமாக கிளினிக் இருக்கிறது. காத்திருக்கிறவர்களில் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் கூப்பிடுகிறேன். மற்றவர்கள் முறைப்பார்கள். அந்த மைதானமும் வெயிலும் சிவப்புக் கறை படிந்த கோட்டும் எனக்கு எவ்வளவு அருமையானவை என்று யாரிடம் சொல்வது?

போன மாதம் மேடம் போய்விட்டார். தூக்கத்திலேயே போனாராம். வீடு நிறையக் கூட்டம், பழைய மாணவர்கள் வாய்விட்டு அழுதார்கள். ஆறடி வாசலில் நின்று தேம்பினான். எல்லோரும் அவனைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே போனேன். சமையலறை மேஜைக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்த கேரியரை முன்னால் வைத்துக்கொண்டு சார் உட்கார்ந்திருந்தார். தலையைப் பின்னால் சுவரில் சாய்த்திருந்தார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. யாரும் அவர் பக்கத்தில் இல்லை.

தோளைப் பிடித்து அவரை முன்னால் சாய்த்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். “என்கிட்ட எதுக்கும்மா முதல்ல வந்தே?” என்றார்.

“நீங்க சும்மா இருந்தீங்க சார்” என்றேன்.

அப்போதுதான் அவர் அழுதார்.