அரக்கன் கேட்டு வந்தவன்

சுங்கை சிப்புட்டில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். வண்டிக் கண்ணாடியில் ஒட்டச் சொல்வதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம் என்று நம்பும் சக தொழிலாளிகளே, கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

கூச்சக்காரன்

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் குமரன் ஒருநாள் வந்து, முன்கண்ணாடியில் சிவப்பாக 'அரக்கன்' என்று கேட்டான். மீசையும் தோளும் அந்தச் சொல்லுக்கு அளவெடுத்தாற்போல் இருந்தன. வெட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அவன் வீட்டார் என் தங்கை விமலாவைப் பெண் கேட்டு வந்தார்கள்! விமலாவுக்குச் சம்மதம். எனக்கோ அந்தச் சிவப்பு எழுத்து உறுத்தியது. அப்பா இல்லாத வீடு. மூத்தவள் நான் தலையாட்டினால்தான் கல்யாணம். அவனைக் கூப்பிட்டு, மனிதன் வைத்துக்கொள்ளும் பேரா அது என்று நேராகவே கேட்டேன்.

"பேரப் பாத்தா மத்த லோரிக்காரன் வழி விடுவான்லாக்கா. எனக்கு ஹோன் அடிக்கவே கூச்சமா இருக்கும்."

பல் பரிசோதனை

'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' ரகம் என்று முடிவு கட்டினேன். பள்ளி விழாவுக்குப் பதாகை செய்ய வந்த தமிழாசிரியை சரோஜாவிடம், அரக்கன் என்றால் சரியாக என்ன பொருள் என்று விசாரித்தேன். இரக்கமே இல்லாமல் பிறரை வதைப்பவன் என்றார். பழைய காவியங்களில் கோரைப்பல், செம்பட்டை முடி, இடிக்குரல் எல்லாம் கொடுத்துத்தான் புலவர்கள் அவனை உள்ளே விடுவார்களாம். குமரன் பல்லில் வெற்றிலைக் கறைகூட இல்லையே என்றேன்.

"நீட்டுப் பல்லெல்லாம் புஸ்தகத்துலதான் மல்லிகா. இங்க அவன் பல்லு வெளக்கி, பவுடர் போட்டுக்கிட்டு வருவான்லா."

தாயின் ஆசி

அதன்பின் குமரன் சிரித்தாலே எனக்குச் சந்தேகம். அந்தச் சமயத்தில் பழைய தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பெண் வேனில் வந்தாள். பின்கண்ணாடி புதிது, முன்பிருந்த 'தாயின் ஆசி'யை மறுபடி ஒட்ட வேண்டுமாம். அவள் புருஷன் என் பழைய வாடிக்கையாளன். விமலாவுக்கு இப்படியொரு தங்கமான மாப்பிள்ளை கிடைக்க வேண்டும் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவள் நெற்றியில் பிளாஸ்திரி. கண்ணாடி எப்படி உடைந்தது என்று கேட்டேன்.

"என் தலைதான்க்கா. சாயங்காலத்துக்குள்ள எழுத்து பழையபடி இருக்கணும், கோணலா இருந்தா அதுக்கும் அடி விழும்."

லோரிப் படி

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்டிக்கர் வெட்டும் கத்தியைக் கீழே வைத்து, போலீசுக்குப் போகலாம் என்றேன். வேனை எடுத்தால் புருஷன் வழியில் மறிப்பான் என்று அழுதாள். பிய்ந்துபோன ஓர் எழுத்தை ஒட்ட வந்து நின்றிருந்த குமரன், "லோரியில போலீஸ் பாலாய் வரைக்கும் கொண்டு விடறேன். நீங்களும் வாங்கக்கா" என்றான். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். நடுவில் உட்கார்ந்துகொள்ள நானே முதலில் ஏறினேன். அவள் லோரியின் கண்ணாடியிலிருந்த சிவப்பு எழுத்தை நிமிர்ந்து பார்த்தாள். அது சும்மா பேருக்கு என்று நான் விளக்கப் போனேன். அவள் படியில் கால் வைத்துவிட்டாள்.

"இருக்கட்டும்க்கா. வெளிய எழுதி ஒட்டிக்கிட்டு வர்றவன்கிட்ட எனக்குப் பயமில்ல."

அவள் இப்போது ஈப்போவில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள், விமலாவுக்கும் குமரனுக்கும் தை மாதம் கல்யாணம், நானோ 'தாயின் ஆசி' கேட்டு யார் வந்தாலும், முதலில் மனைவியைக் கடைக்கு அனுப்பச் சொல்கிறேன்.