தோழிக்காக நான் தப்பாக வேண்டிய நவநாள்

நானும் ஆரோக்கியமேரியும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். மாதா கோயில் பாடகர் குழுவிலும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்போம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒருநாள், "ஒரு முடிவு எடுக்கணும், எனக்காக ஜெபம் பண்ணுடி" என்றாள். அவளுக்கு வயது இருபத்தாறு. கல்யாண விஷயம்தான் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.

ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொன்னேன். அது முடிந்த மறுநாளே அகரம் ஊரில் இருக்கும் என் சித்தப்பா ஒரு நல்ல வரனைச் சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டதென்று பூரித்துப்போனேன். மேரியின் அம்மாவிடம் பேசி, மாப்பிள்ளை வீட்டாரை ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை மேரி என் வீட்டுக்கு வந்தாள்.

"ஜெபத்துல என்னத்தடி கேட்ட?"

"நல்ல மாப்பிள்ளை அமையணும்னு."

"கன்னியர் மடத்துல சேரச்சொல்லி ரெண்டு வருசமா மனசு கூப்பிடுது. அது ஆண்டவர் குரலா, என் ஆசையான்னு தெரியாமத்தான் உங்கிட்ட ஜெபம் கேட்டேன். நீ என்ன ஏதுன்னு கேக்கவே இல்லையே."

அப்போதே இருவரும் போய் அவள் அம்மாவிடம் சொன்னோம். அவர் வெகுநேரம் அழுதார். பிறகு, "இம்புட்டு நாளா இதைத் தனியாவா சுமந்த?" என்று மகளின் தலையைத் தடவினார். நான் சித்தப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன்.

அது ஆண்டவர் குரல்தான் என்று தெளிந்து, ஜூன் மாதம் மேரி மடத்தில் சேர்ந்தாள்.

இப்போது யார் ஜெபம் கேட்டாலும், "என்னன்னு வேண்டிக்கிறது?" என்று முதலில் கேட்கிறேன். சிலருக்குப் பதில் சொல்ல நேரமாகிறது. அதுவரை பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.