கரகரத்த கம்ப்யூட்டரும் ஜெபகுமாரின் காதும்

என் வீட்டுக்காரர் ஜெபகுமார் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். போன் எடுப்பதும் பில் போடுவதும் நான். கழற்றுவதும் மாட்டுவதும் அவர்.

மற்ற கடைகளில் பெட்டியைக் கொண்டுபோனால் முதல் வேலையாக மூடியைக் கழற்றுவார்கள். இவர் தொடமாட்டார். ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பெட்டியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ஏதோ நாடி பார்க்கிற வைத்தியர் என்று நினைப்பு. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "ஹார்ட் டிஸ்க் போகப்போவுது, உள்ள இருக்கறத மொதல்ல காப்பி எடுத்துக்கோங்க" என்பார். திறந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் இருக்கும். அதனாலேயே தெருவில் பாதிப் பேருக்கு இவர் 'காது டாக்டர்'.

தென்னேரியில் பிறந்தவர். அவர் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். சின்ன வயதிலேயே அந்த வயல் பம்ப்செட் மோட்டாரின் சத்தம் மாறுவதைக் கேட்டுச் சொல்லி, அது புகைவதற்கு முன்னால் இவர் நிறுத்த வைத்தாராம். கல்யாணமான புதிதில் இந்தக் கதையை வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இப்போதெல்லாம் அவர் ஆரம்பித்தால் நானே முடித்து வைத்துவிடுகிறேன்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் காது மந்தமாகிறதோ என்று எனக்குச் சில மாதமாகவே சந்தேகம். டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர், எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு அடி கூடுதலாகப் பாடினார். "ஏங்க, ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடலாமே" என்றேன். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ வாய்க்குள்ளயே பேசுற" என்று எரிந்து விழுந்தார். நானா வாய்க்குள் பேசுகிறவள்? கோபம் வந்தது. அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்ததும் கோபத்தை விழுங்கிக்கொண்டேன். காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. அதைவிட, காதுதான் அவருக்குப் பேர்.

இந்த நேரத்தில்தான் துர்காதேவி போன் செய்தாள். நாலு தெரு தள்ளி இருக்கிறாள். அவள் கணவர் முத்துக்குமார் தறி நெய்கிறார். துர்கா சேலைக்கு டிசைன் போடுகிறவள். கரை, முந்தி, உடம்பில் வரும் புட்டா எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பாள். வருஷக்கணக்காக அவள் வரைந்தது எல்லாம் அந்த ஒரே பெட்டியில்தான். அது காலையில் போட்டதும் 'கர்ர்ர்' என்று கத்துகிறதாம். அரை மணி நேரம் போனால் தானாக அடங்கிவிடுகிறதாம். இவர் மறுநாள் காலையிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணும் இல்ல, நல்லா ஓடுது" என்றார்.

அவர் சாப்பிட உட்கார்ந்தபோது துர்கா எனக்குத் தனியாக மறுபடி போன் செய்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் காதுல வெச்சுக் கேட்டுக்கினு இருக்கும்போதே அது கத்திக்கினுதான் இருந்துச்சு. அவரு ஒண்ணும் இல்லன்னுட்டுப் போய்ட்டாரு. நான் இன்னான்னு சொல்றது, சொல்லுங்க?"

கத்துவது ஹார்ட் டிஸ்க்காக இருந்தால்? இவர் பேச்சை நம்பி அவள் தினமும் போட்டுக்கொண்டிருந்து, ஒரு நாள் எல்லாம் போய்விட்டால்? அந்தப் பெண்ணின் உழைப்பும் போகும், இவர் பேரும் போகும். "நாளைக்குக் காலையில வரோம். அதுவரைக்கும் அதைப் போடாத" என்று சொல்லி வைத்தேன். இவரிடம், துர்கா புதுசாக வரைந்த அன்னப்பட்சி முந்தியை நான் பார்க்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிக் கூடவே கிளம்பினேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாங்கள் போனபோது முத்துக்குமார் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு தறிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். துர்கா ஸ்விட்சைப் போட்டாள். போட்டதுதான் தாமதம், பெட்டி கத்த ஆரம்பித்தது. ஈரமே இல்லாத அம்மியில் கல்லை வைத்து இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு. எனக்கே பல் கூசியது.

இவர் மண்டிபோட்டு ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். மேலே வைத்தார், கீழே வைத்தார், பின்னால் வைத்தார். கண்ணை மூடவில்லை. துர்காவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே வைக்கும்போது நாங்கள் தலையாட்டுகிறோம் என்று தேடுகிறார் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கேக்குதா அண்ணே?" என்றார் முத்துக்குமார்.

இவர் ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்துவிட்டுப் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றினார். எனக்குத் தெரிந்து, காதால் கேட்டு முடிக்காமல் இவர் மூடியைக் கழற்றியது அதுதான் முதல் தடவை. பிறகு விரல் நுனிகளை ஒவ்வொன்றின் மேலும் மெதுவாக வைத்துப் பார்த்தார். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"இது நல்லா இருக்குது. வழவழன்னு சுத்துது" என்றார். அடுத்து நடுவில் இருந்த சின்ன ஃபேனின் ஓரத்தில் விரலை வைத்தவர், சட்டென்று எடுத்தார். மறுபடி வைத்தார். "இங்கதான். விரல்ல அதிருது." பேனா முனையால் ஃபேனின் நடுவை ஒரு கணம் அழுத்தி நிறுத்தினார்.

"நின்னுடுச்சு!" என்று துர்கா கத்தினாள். விட்டார். "இப்ப வருது!"

கம்ப்யூட்டரை நிறுத்தி ஃபேனைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். இறக்கைகளிலும் நடுக்குடத்திலும் சாம்பல் நிறத்தில் களிம்பு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. தூசி என்றால் பஞ்சு மாதிரி இருக்கும், பட்டு நூல் பிசிறு என்றால் சுற்றிக்கொண்டிருக்கும். இது இரண்டும் இல்லை. இவர் அதைக் கட்டைவிரலில் தேய்த்தார், மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசம். கூடவே கோயில் வாசம்.

"விபூதி" என்றேன்.

எல்லோரும் முத்துக்குமாரைப் பார்த்தோம். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காலைல தறிக்குப் பட்டை போட்டுட்டு இதுக்கும் போடுவேன்பா. இதுவும் தொழில் பண்ற சாமான்தானே? இந்தப் பக்கம்தான் அகலமா இருக்குது, போடறதுக்குத் தோதா."

அவர் காட்டிய இடம் பக்க மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்த இடம். அதற்கு நேர் பின்னால்தான் அந்த ஃபேன். போட்ட விபூதியையெல்லாம் அது தினமும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது.

"எண்ணெய்?" என்றார் இவர்.

முத்துக்குமார் பெண்டாட்டியைப் பார்க்காமல் சொன்னார். "தறி கிறீச்சுன்னா ரெண்டு சொட்டு விடுவோம் இல்ல? இதுவும் கத்துச்சு. துர்கா தூங்கும்போது மூக்கு வெச்ச எண்ணெ டப்பாவால ஓட்டை வழியா விட்டேன். அன்னிக்குச் சத்தம் நின்னுச்சுப்பா, சத்தியமா!"

"நின்னுச்சாம்! எவ்ளோ நாளா விட்டுக்கினு இருக்க?" என்று துர்கா எகிறினாள். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். விபூதியும் எண்ணெயும் குழைந்து ராத்திரியில் இறுகிக்கொள்ளும். காலையில் ஓடிச் சூடானதும் இளகும், சத்தம் அடங்கும். மறுநாள் மேலே புது விபூதி. அரை மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இவர் பையிலிருந்து வேறு ஃபேனை எடுத்து மாட்டினார். "முத்து, தாராளமா பட்டை போடு. மேல போடு. ஓட்டை இருக்கற பக்கம் வேணாம்" என்றார். முத்துக்குமார் பயபக்தியோடு தலையாட்டினார்.

துர்கா ஸ்விட்சைப் போட்டாள். மானிட்டரில் அவளுடைய அன்னப்பட்சிகள் வரிசையாக வந்து நின்றன. பெட்டியில் மெல்லிய காற்றுச் சத்தம் தவிர வேறு ஒன்றும் இல்லை. துர்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வழக்கமாக இந்த இடத்தில் இவர் ஒரு தடவை காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சரி" என்று எழுந்துவிடுவார். அன்றைக்கு ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கையில் வைத்து உருட்டினார். காதுக்குக் கொண்டுபோகாமல் பையில் போட்டார். பிறகு, அவர்கள் இரண்டு பேர் முன்னாலேயே என் பக்கம் திரும்பினார்.

"பிரவீனா, சத்தம் நின்னுடுச்சா? எனக்கு அது வந்ததும் கேக்கல, நின்னதும் கேக்கல."

முத்துக்குமார் துண்டைக் கீழே இறக்கினார். துர்கா என்னைப் பார்த்தாள். இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வராதா என்று எத்தனை மாதம் காத்திருந்தேன்!

"நின்னுடுச்சுங்க" என்றேன். குரல் பாதிதான் வந்தது.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தமா சொல்லு" என்றார்.

"நின்னுடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.